சூடானால் நின்றுவிடும் பழைய பைக்: இன்ஜின் ஆறுவதற்குள் கண்டுபிடிக்கும் வழி

காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாகவே ஓடுகிறது. அதன்பிறகு ரயில்வே கேட்டிலோ கடைத்தெருவிலோ நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. வேர்த்து வழிய உதைத்தாலும் வராது. அரை மணி நேரம் புளியமர நிழலில் போட்டுவைத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிவிடுகிறது. பழைய வண்டி வாங்கியவர்கள் பட்டறையில் சொல்லும் புகார்களில் இதற்குத்தான் விடை கிடைப்பது கடினம். காரணம் எளிது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் ஆறிவிடும், மெக்கானிக் ஒரு கிக் அடிப்பார், வண்டி ஓடும். அவர் கார்பரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றி அனுப்புவார். மறுநாள் அதே கேட்டில் மறுபடி நிற்கும்.

மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு சூட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆறிய இன்ஜினில் எந்தச் சோதனை செய்தாலும் எல்லாம் சரி என்றுதான் காட்டும். ஆகவே வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடம், அது வடுவூர் பக்கம் வயல் நடுவே இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் வண்டி ஓட்டியவர் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் கோளாறைப் பிடித்துக்கொடுக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்கும், அதில் கிடைத்த தடயத்தை வைத்து வீட்டில் செய்ய வேண்டியதற்கும்.

கார்பரேட்டர் வண்டிகளுக்கான வழிகாட்டி இது: சிடி 100, ஸ்ப்ளெண்டர், பேஷன், விக்டர், டிஸ்கவர், ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் போன்றவை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் வந்த வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. அவற்றின் வைத்தியம் வேறு. அளவுகள் சொல்லும் இடங்களில் பழைய ஸ்ப்ளெண்டர் வகை 100 சிசி வண்டிகளின் அளவையே சொல்லியிருக்கிறது. வேறு வண்டி என்றால் அதன் புத்தகத்தைப் பாருங்கள்.

சீட்டுக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பிளக் ஸ்பேனர், சின்ன மைனஸ் ஸ்குரு டிரைவர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், பழைய துணி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. பாட்டில் காய்ந்து, வெளியிலிருந்து உள்ளே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இவற்றோடு ஒரு உபரி பிளக். கடையில் வாங்கிய புது பிளக்கை அப்படியே வைக்காதீர்கள். உங்கள் வண்டியிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, நல்லது என்று தெரிந்த பிளக்கைக் கழற்றி வையுங்கள். புதுப் பிளக்கிலும் கோளாறு வரும். சந்தேகமான ஒன்றை வைத்து இன்னொரு சந்தேகத்தைத் தீர்க்க முடியாது.

மல்டிமீட்டரும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வீட்டில் இருந்தால் போதும்.

எப்படி நின்றது?

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் காற்றோடு கலந்த பெட்ரோல், சரியான நேரத்தில் பிளக்கில் கரண்ட், சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது அந்தக் கலவையை அழுத்தும் இறுக்கம். சூடானதும் இதில் ஒன்று நழுவுகிறது. எது என்பதை வண்டி நின்ற விதமே பாதி சொல்லிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்தது போலப் பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பாருங்கள். முதலில் இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் திணறி, இரண்டு மூன்று முறை வெட்டி வெட்டி நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ரோட்டில் நன்றாக ஓடி, ஆக்சிலேட்டரை விட்டதும் மட்டும் அணைந்தால் ஐட்லிங் (நின்றபடி மெதுவாக ஓடும் ஓட்டம்), காற்றுக் கசிவு, டேப்பெட் (வால்வின் இடைவெளி) ஆகியவற்றில் ஒன்று. நம் காவிரி டெல்டா பக்கம் தரை சமம். ஆற்றுப்பாலம் ஏறி இறங்குவதைத் தவிர மேடு கிடையாது. இன்ஜின் மூச்சுத் திணறி ஏற வேண்டிய இடமே இல்லாததால் பலவீனம் ஓட்டத்தில் தெரிவதில்லை, நிற்கும்போதுதான் தெரிகிறது. கேட்டில் மட்டும் நிற்கிறது என்று பலரும் சொல்வது இதனால்தான்.

நான்காவது ஒன்றும் உண்டு. இன்ஜினே இறுகி, பின் சக்கரம் இழுத்துப் பிடித்து நின்றால், கிக்கரும் கல் மாதிரி இருந்தால், அது பிஸ்டன் பிடித்த வண்டி. மேற்கொண்டு உதைக்க வேண்டாம். ஆற விட்டு ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் பட்டறைக்கு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வாய்க்கால் தண்ணீரை அள்ளி இன்ஜின் மேல் ஊற்றும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். கொதிக்கிற அலுமினியத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) கோணிப்போகும், விரிசலும் விடும்.

ஓடும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது. வண்டி திணற ஆரம்பித்த கணத்தில் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுங்கள். உயிர் வந்தால் பெட்ரோல் குறைவாக அல்லது காற்று அதிகமாகப் போகிறது என்று பொருள். இன்னும் மோசமாகித் திணறினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். எந்த மாற்றமும் இல்லாமல் நின்றால் கரண்ட் மேல் சந்தேகம் கூடுகிறது. இந்த ஒரு விடை, பின்னால் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நின்ற பிறகு ஐந்து நிமிடம்

1. உதைக்காதீர்கள். பத்து முறை உதைத்துவிட்டால் பிளக் நனைந்துபோய் எது முதல் காரணம், எது நீங்கள் உண்டாக்கியது என்று தெரியாது. பெட்ரோல் டேப் ஆனில் இருக்கிறதா, சாவி, கில் ஸ்விட்ச் சரியா என்று மட்டும் பாருங்கள்.

2. டேங்க் மூடியைத் திறங்கள். காதைக் கிட்டே வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றோட்டத் துளை அடைத்திருக்கிறது. அரை நிமிடம் பொறுத்து ஒரு கிக் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனால் கோளாறு கிடைத்துவிட்டது, மீதிச் சோதனை தேவையில்லை.

3. கரண்ட் பாருங்கள். வண்டியில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். அதன் கேப்பை மட்டும் உருவி, உபரி பிளக்கை அதில் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பை இன்ஜின் ஹெட்டில் பெயின்ட் இல்லாத போல்ட் மேல் அழுத்திவையுங்கள். காய்ந்த துணியால் கேப்பைப் பிடித்துக்கொண்டு, சாவி ஆனில் கிக் அடியுங்கள். நீலமாக, ‘டக் டக்’ என்று கேட்கும் பொறி வந்தால் நல்லது. மெலிந்த ஆரஞ்சுப் பொறி என்றால் பலவீனம். பழைய பிளக்கைக் கழற்றாமல் விடுவதற்குக் காரணம் உண்டு: துளை திறந்திருந்தால் உதைக்கும்போது பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி, இப்படித்தான் தீப்பிடிக்கிறது. பெட்ரோல் எங்காவது ஒழுகிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். பிளக்கை எர்த்தில் வைக்காமல் கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு உதைக்கவும் கூடாது. போக வழியில்லாத மின்சாரம், பொறியை உண்டாக்கும் காயிலையோ பொறி விடும் நேரத்தை ஆளும் சிடிஐ பெட்டியையோ உள்ளுக்குள் சுட்டுவிடும்.

4. கரண்ட் இருந்தால் இப்போது பிளக்கைக் கழற்றுங்கள், துணி சுற்றி, நன்றாகச் சுடும். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது சிலிண்டருக்குள் பொறி அணைந்துபோகிறது. வெளிக்காற்றில் பொறி விடுகிற பிளக் உள்ளே கம்ப்ரஷன் அழுத்தத்தில் விடாமல் போவது சாதாரணம். எனவே உபரி பிளக்கைப் போட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, சோக் இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து ஐந்தாறு கிக் அடியுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறிக் கிளம்பினால் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள வடிகால் ஸ்குருவைத் தளர்த்தி, டியூபை பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோலைப் பிடியுங்கள். சைலன்சர் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது. கிண்ணத்தில் இருந்தது கொட்டிய பிறகும் ஒழுக்கு நிற்காமல் வர வேண்டும். எவ்வளவு வர வேண்டும்? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டி ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் குடிக்கிறது, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 17 மி.லி. ஒரு நிமிடத்தில் 100 மி.லி. வந்தாலே தாராளம். சொட்டுச் சொட்டாக வந்தால் வழியில் அடைப்பு. டேங்க் மூடியை மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை பிடித்துப் பாருங்கள். மூடியபோது போகப்போக மெலிந்து, திறந்ததும் பெருகினால் குற்றவாளி மூடிதான். பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்து அடியில் தண்ணீர் குமிழ் உருள்கிறதா என்றும் கவனியுங்கள்.

6. கடைசியாகக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஒரு இடத்தில் எதிர்த்து நின்று, பிறகு விட வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. காலையில் ஆறிய இன்ஜினில் இதே மாதிரி ஒருமுறை அழுத்திப் பழகியிருந்தால்தான் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

எத்தனை கி.மீ. ஓடிய பின் நின்றது, கரண்ட் உண்டா இல்லையா, பிளக் ஈரமா உலர்ந்ததா, பெட்ரோல் ஒழுக்கு எப்படி, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது. இந்த ஐந்தையும் செல்போனில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வரவில்லை என்றால்

டேங்க் மூடித் துளையை அடைப்பது பெரும்பாலும் துருவும் தூசியும். டெல்டாவில் இன்னொரு ஆள் உண்டு: மண் குளவி. கொட்டகையில் இரண்டு வாரம் நிறுத்திய வண்டியில் சின்னத் துளை எங்கே கிடைத்தாலும் களிமண்ணை வைத்து அடைத்துவிடும். மூடித் துளை, கார்பரேட்டரின் காற்றோட்ட டியூப், ஓவர்ஃப்ளோ டியூப், சமயத்தில் சைலன்சர் வாயே. மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்து, வாயால் ஊதினால் காற்று போக வேண்டும். டேங்கை நிரப்பிய நாளில் சீக்கிரம் நின்று, பாதி டேங்கில் அதிக தூரம் ஓடினால் இந்தக் கோளாறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நிறைந்த டேங்கில் பெட்ரோலுக்கு மேலே காற்றுக்கு இருக்கும் இடம் குறைவு. கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே உள்ளே வெற்றிடம் உண்டாகி இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது டேப். அதன் மேல் முனையில் டேங்குக்குள் நிற்கும் சல்லடையும், சில வண்டிகளில் டேப்புக்கு அடியில் உள்ள கிண்ணமும் துருப்பொடியால் அடைந்திருக்கும். ஓட்டத்தில் துரு மெல்ல வந்து சல்லடையில் ஒட்டும், வண்டி நின்றதும் கீழே உதிரும், ஒழுக்கு மறுபடி வரும். சூட்டுக் கோளாறு மாதிரியே தோன்றும். உண்மையில் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேங்கைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். செம்மண் நிறத்தில் செதில் தெரிந்தால் டேங்கைக் கழுவாமல் கார்பரேட்டரைக் கழுவுவது வீண் வேலை.

டேப்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே பெரிய ஃபில்டரைச் செருகிவைத்திருப்பார்கள், முந்தைய உரிமையாளர் செய்த நல்ல காரியம் என்று நினைத்து. பெட்ரோல் தன் எடையில் மட்டும் இறங்கும் இந்த வண்டிகளில் ஃபில்டரும் டியூபும் எங்கேயும் மேலே வளைந்து ஏறக்கூடாது. ஏறினால் அந்த வளைவில் ஆவி தங்கி அடைக்கும். டியூப் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டு போனாலும் இதே கதிதான். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரியை ஒட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும்; சித்திரை வைகாசி மதியத்தில் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கிறது. ஓடும்போது காற்று பட்டுக் கார்பரேட்டர் தணிந்திருக்கும். கேட்டில் நின்றதும் காற்று நின்று, சிலிண்டர் சூடு முழுவதும் கார்பரேட்டருக்கு ஏறும்.

அந்தச் சூட்டைத் தடுப்பதற்கென்றே ஹெட்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் கெட்டியான கருப்பு இன்சுலேட்டர் துண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் அது உடைந்ததும் வெறும் காகித கேஸ்கட் போட்டு ஓட்டியிருப்பார்கள். இல்லையென்றால் புதிது வாங்கிப் போடுங்கள், சொற்ப விலை. அதிலுள்ள ஓ ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். சாலையில் நின்றபோது ஈரத் துணியைப் பிழிந்து கார்பரேட்டரைச் சுற்றி இரண்டு நிமிடம் வைத்ததும் வண்டி கிளம்பினால் சூட்டு ஆவிதான் காரணம் என்று முடிவு செய்யலாம்.

தண்ணீர் தென்பட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை நினைவுக்கு வர வேண்டும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்த வண்டி வாசலில் நனைந்தால் தண்ணீர் டேங்குக்குள் இறங்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துவைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும், டேப் முதலில் உறிஞ்சுவது அந்த அடுக்கைத்தான். அந்தப் பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட வேண்டும், மேலே நல்ல பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. பழைய ரப்பர் டியூபும் கார்பரேட்டர் ஓ ரிங்கும் எத்தனாலில் உப்பிக் கொழகொழப்பாகும். கையில் பிசுபிசு என்று ஒட்டினால் மாற்றிவிடுங்கள்.

கரண்ட் வரவில்லை என்றால்

பதினைந்து இருபது நிமிடம் ஆறினால் மட்டும் பொறி வருகிறது என்றால் ஏதோ ஒரு காயில் சூட்டில் விட்டுப்போகிறது. மயிரிழை கனத்தில் ஆயிரக்கணக்கான சுற்று செம்புக் கம்பி; உள்ளே எங்கோ ஒரு கீறல். ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்ததும் விலகும். மறுபடி ஆறினால் ஒட்டும். இதைக் கார்பரேட்டர் கோளாறு என்று நினைத்து மூன்று நான்கு முறை கார்பரேட்டருக்குச் செலவு செய்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

சந்தேகப் பட்டியல் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் பிளக், பிறகு கேப், ஒயர், டேங்குக்கு அடியில் உள்ள இக்னிஷன் காயில், அதன்பிறகு சிடிஐ, கடைசியாக இடப்பக்க கவருக்குள் இருக்கும் பல்சர் காயிலும் (பொறி விடும் நேரத்தைச் சொல்வது) எக்ஸைட்டர் காயிலும் (சிடிஐக்கு மின்சாரம் தருவது). விலை கூடிக்கொண்டும் உழைப்பு கூடிக்கொண்டும் போகும் வரிசையும் இதுவே என்பது வசதி.

பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. தேய்ந்து 1 மி.மீ. ஆகியிருந்தால் ஆறிய இன்ஜினில் தாண்டும் பொறி சூட்டில் தாண்டாது. பிளக்கின் சூட்டு எண்ணையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் தலைகீழ், எண் கூடினால் சூடான வகை. ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு வாங்கிய தப்பான பிளக் பல பழைய வண்டிகளில் இருக்கிறது. கேப்பைத் திருகிக் கழற்றி மீட்டரில் அளந்தால் ரெசிஸ்டர் உள்ள கேப் பொதுவாக 5 கிலோ ஓம் பக்கம் காட்டும். பத்து இருபது என்று ஏறியிருந்தால் தூக்கிப் போடலாம். இரவில் இருட்டான இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு ஒயரையும் கேப்பையும் பாருங்கள். நீல நூல் மாதிரி பொறி இன்ஜின் மேல் ஊர்ந்தால் அங்கேதான் கசிகிறது.

காயில்களுக்கு வீட்டுச் சோதனை இப்படி. காலையில் ஆறிய நிலையில் ஒவ்வொரு காயிலின் ஓம் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தலைமுடி உலர்த்தும் டிரையரால் இக்னிஷன் காயிலை ஐந்து நிமிடம் சூடாக்கி மீண்டும் அளங்கள். பல்சர், எக்ஸைட்டர் காயில்களுக்கு டிரையர் எட்டாது, வண்டியை ஓட்டிச் சூடேற்றி வந்து கனெக்டரைக் கழற்றி அளக்க வேண்டும். செம்பு சூடானால் அளவு கொஞ்சம் கூடும், அது இயல்பு. அளவு தாறுமாறாகக் குதித்தாலோ ‘ஓப்பன்’ என்று காட்டினாலோ அந்தக் காயில் முடிந்தது. சிடிஐயை மீட்டரால் உறுதி செய்ய முடியாது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கழற்றி மாட்டிப் பார்ப்பதே வழி. இரண்டு நிமிட வேலை. வேறு மாடலின் சிடிஐ சாக்கெட்டில் பொருந்துகிறதே என்று மாட்டாதீர்கள். ஏசி வகை, டிசி வகை என்று இரண்டு இருக்கிறது, மாறினால் எரிந்துபோகும்.

சிடிஐக்குப் பதில் பாயின்ட் (திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) வைத்த பழைய புல்லட், ராஜ்தூத் போன்றவற்றில் சூட்டில் நிற்பதற்கு முதல் சந்தேகம் கண்டென்சர்தான். பாயின்ட் திறக்கும்போது அதன் முகத்தில் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. புல்லட்டுக்குப் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.

காயில் வாங்குமுன் கனெக்டர்களையும் எர்த் ஒயரையும் கழற்றிப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இருந்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்றால் செம்பு முழுக்கப் பச்சை பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து கொஞ்சம் வாசலின் தடவி மாட்டினாலே பாதி வண்டிகள் சரியாகும். ஹேண்டிலை இடமும் வலமும் ஒடித்துப் பாருங்கள்; ஒடிக்கும்போது இன்ஜின் வெட்டினால் சாவி ஸ்விட்ச்சிலிருந்து வரும் ஒயரில்தான் கோளாறு.

டேப்பெட்: சத்தமே இல்லாத வண்டியைச் சந்தேகியுங்கள்

பழைய வண்டி விற்பவர் டேப்பெட்டை இறுக்கிவைப்பது வழக்கம். சத்தம் வந்தால் வாங்குபவர் யோசிப்பார் அல்லவா. ஆனால் வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி சூட்டில் விரிவதற்காக விட்டது. இடைவெளி இல்லாவிட்டால் இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், ஐட்லிங்கில் நிற்காது, சூட்டில் உதைத்தால் வராது, ஆறினால் வரும். நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து இறங்க இறங்க யாரும் தொடாமலே இடைவெளி குறைந்துகொண்டும் போகும். அப்படியே ஓட்டினால் வால்வு விளிம்பு எரிந்து ஹெட் வேலையில் போய் நிற்கும். லேசான ‘டிக் டிக்’ இருப்பதுதான் ஆரோக்கியம்.

செட்டிங் இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது, 35 டிகிரிக்குக் கீழே செய்ய வேண்டியது. கோடையில் அது விடியற்காலை மட்டும்தான். மதியம் பட்டறையில் உட்கார்ந்து செய்த செட்டிங்கை நம்ப முடியாது. ஹெட்டின் மேலும் கீழும் உள்ள இரண்டு டேப்பெட் மூடிகளையும், இடப்பக்க மேக்னட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். பிளக்கை எடுத்துவிட்டால் சுற்ற எளிது. நடு நட்டில் ஸ்பேனர் போட்டுக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றி, மேக்னட்டில் உள்ள ‘டி’ குறியைக் கவர் வெட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். அப்போது இரண்டு ராக்கரும் கையால் ஆட்ட லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு லேசான பிடிப்போடு நுழைந்து வெளியே வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அளங்கள்; இறுக்கும்போது அளவு நகராத வண்டி அபூர்வம்.

ஐட்லிங்கில் மட்டும் அணைந்தால்

டேப்பெட் சரி என்று உறுதியான பிறகே கார்பரேட்டரைத் தொட வேண்டும். சோக்கைப் பாதி இழுத்ததும் உயிர் வந்தது என்றால், காற்றுக் கசிவைத் தேடுங்கள். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஓடும் இன்ஜினில் கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் மட்டும் மெல்லப் பனி மாதிரி தெளியுங்கள். இன்ஜின் ஓட்டம் சட்டென்று மாறினால் அங்கே கசிவு. பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான இன்ஜினில் அது வேண்டாத விளையாட்டு.

கசிவு இல்லையென்றால் ஸ்லோ ஜெட், அதாவது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை. கழற்றிச் சூரியனை நோக்கிப் பிடித்தால் வட்டமான வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போகும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

சோக் இழுத்ததும் மோசமானது என்றால் காற்று குறைவு. சோக் பட்டை முழுதும் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறங்கள். குறுவை, சம்பா அறுவடை நாட்களில் அறுப்பு இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு வாரம் போன வண்டியின் ஃபில்டரில் சுனைத்தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, இன்ஜின் ஆயிலில் நனைத்து நன்றாகப் பிழிந்து போடலாம். ஆயில் தோய்த்து வரும் காகித ஃபில்டரை ஊதக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியானால் சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

செட்டிங் எப்போதும் பத்து கி.மீ. ஓட்டிச் சூடான இன்ஜினில். ஏர் ஸ்குருவை மெதுவாக உள்ளே உட்காரும் வரை திருகி (அழுத்தினால் முனை உடையும்), பிறகு ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று வெளியே எடுங்கள். அந்த இடத்தைச் சுற்றிக் கால் சுற்று முன்னும் பின்னும் திருப்பி ஓட்டம் அதிகமாகும் இடத்தில் விட்டு, ஐட்லிங் ஸ்குருவால் 1,400 சுற்றுக்கு இறக்குங்கள். ஸ்குரு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருகும்போது காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் தலைகீழாகத் திருகுபவர்கள் அதிகம். நிற்கிறதே என்று ஐட்லிங்கை மட்டும் ஏற்றிவைத்து ஓட்டுவது நோயை மறைக்கும் வேலை. அடுத்தவருக்கு விற்கத்தான் உதவும்.

சரியானதா என்று பார்ப்பது

ஒரே நாளில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பிளக், காயில், ஜெட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைப் பட்டறையில் விட்டுவராமல் கேட்டு வாங்கி, எது எங்கே இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.

சோதனை ஓட்டம் மதியம் இரண்டு மணிக்கு. இருபது கி.மீ. குறையாமல் ஓட்டி, நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். அணையாவிட்டால் சாவியால் அணைத்து, பத்து நிமிடம் வெயிலிலேயே நிற்க வையுங்கள். கார்பரேட்டருக்குச் சூடு ஏறும் நேரம் அதுதான். சோக் இல்லாமல் இரண்டு கிக்குக்குள் வர வேண்டும். ரோட்டில் வைக்கோல் காயப்போட்டிருக்கும் பக்கம் இந்த ஓட்டத்தைப் போகாதீர்கள். சைலன்சரில் சிக்கிய வைக்கோல் புகைந்தால் எந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வண்டி மிஞ்சாது.

மூன்று நாள் இதே மாதிரி ஓட்டியும் நின்றால், செல்போனில் குறித்துவைத்த விவரத்தோடு, இன்ஜின் சூடாக இருக்கும்போதே, ஓட்டிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள். மெக்கானிக் வேறு வேலையில் இருந்தாலும் அணைக்காமல் வாசலில் ஓடவிட்டு, நின்ற மறுகணம் பிளக் கேப்பில் கை வைக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள்.